ஆறு பச்சை அட்டைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டிலும் சொல்வார்கள், செம்பட்டி ரோட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியிலும் சொல்வார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை கோபம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கால் தரையில் பாவவில்லை.

நாங்கள் காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி செய்கிறோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். கேரளா போய்த் திரும்பும் காலிப் பெட்டிகளை நிறம் பார்த்துத்தான் பிரித்துக்கொள்வார்கள். எங்களிடம் இருப்பதோ ஒரே மெஷின். இத்தனை நாளும் ஒரு வாரம் முழுக்க மஞ்சள், அடுத்த வாரம் பச்சை, அப்புறம் நீலம் என்று ஓட்டினோம். குடோனில் மஞ்சள் கூரையை முட்டும். பச்சை கேட்டவர் ஃபோனில் திட்டுவார்.

உற்பத்தித் திட்டம் போடும் வேலைக்கு வந்த ஃபர்ஹீனாகிய நான், ஆறு மாதம் மேனேஜர் மிக்கேல்ராஜ் சாரின் உயிரை வாங்கி அந்த வெள்ளிக்கிழமை ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி பெற்றேன். எந்த நிறம் தீர்கிறதோ அதை அன்றைக்கே அடிப்பது. இருபது பெட்டி கொண்ட ஒவ்வோர் அடுக்கிலும் அதே நிறத்தில் ஓர் அட்டை. அடுக்கு காலியானால் அதன் அட்டையைப் பலகையில் மாட்ட வேண்டும். பலகையில் தொங்கும் நிறத்தை மட்டும் மெஷின் அடிக்கும். அவ்வளவுதான்.

"நாலு மணி லாரியில மூணு கலரும் ஏறணும். ஏறலைன்னா திங்கக்கிழமை நீ ஸ்டோர்ஸுக்குப் போயிரும்மா" என்றார் சார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காலையில் மண்டி வேன்கள் வந்து பெட்டிகளை அள்ளிக்கொண்டு போயின. மஞ்சள் அட்டைகள் பலகைக்கு வந்தன, மெஷின் மஞ்சள் அடித்தது. நீலம் போதுமான அளவு இருந்தது. நான் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஆபரேட்டர் ஆனந்த்ராஜ் கேட்டான்: "மேடம், போர்டுல ஒண்ணுமே இல்ல. மெஷினை நிறுத்தட்டா?"

எல்லா அடுக்கும் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்! சாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பேக்கிங் பக்கம் நடந்தேன். பச்சைக்குக் கோடு போட்ட இடம் வெறுந்தரையாகக் கிடந்தது. நூற்றிருபது பெட்டி. ஆறு அட்டை. ஒன்றுகூடப் பலகைக்கு வரவில்லை.

"மணிமேகலைக்கா! பச்சைக் கார்டெல்லாம் எங்க?"

பேக்கிங் பார்க்கும் மணிமேகலை அக்கா பதறவேயில்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்தார். டிபன் பாக்ஸுக்கு அடியில், தன் ஆதார் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு ஆறு அட்டைகள்.

"அம்புட்டும் பத்திரமா இருக்கு மேடம். ஒண்ணு தொலைஞ்சாலும் சும்மா விடமாட்டேன்னு அன்னைக்கு அந்தச் சத்தம் போட்டீங்கள்ல? ஆணியில மாட்டி, காத்துல விழுந்துருச்சுன்னா?"

வாய் வரை வந்த வசவை விழுங்கினேன். சத்தம் போட்டது நான்தானே.

அட்டைகளை வாங்கிக்கொண்டு ஓடினேன். "ஆனந்த்! பச்சை! ஆறு!"

நிறம் மாற்ற இருபது நிமிடம் ஆகும். ஆனந்த்ராஜ் பதினோரு நிமிடத்தில் மாற்றினான். முதலில் விழுந்தவை மஞ்சளும் பச்சையுமாகக் கலந்து வந்தன, ஓரம் போட்டோம். அப்புறம் சுத்தமான பச்சை வந்தது பாருங்கள், நான் கத்திய கத்தலில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். முக்கால் நிமிடத்துக்கு ஒரு பெட்டி. அக்கா சூட்டோடு வாங்கிப் பிசிறு சீவி அடுக்கினார், நான் அட்டை செருகித் தள்ளினேன். மூன்று மணிக்கு அறுபது. மூன்றரைக்கு நூறு. வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி அடுக்கு ஏறியது. பெட்டி ஏற ஏற அக்கா அட்டைகளை உருவிக்கொண்டார்.

சார் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனாலும் விடவில்லை. "ரெண்டு மணிக்கு மெஷின் நின்னுச்சாமே. யாரு தப்பு?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"என் தப்பு சார். தொலைச்சா விடமாட்டேன்னு மிரட்டுனேன். மாட்டலைன்னா என்ன ஆகும்னு சொல்லவே இல்ல."

சார் தலையாட்டினார். "திங்கக்கிழமையும் இதே பிளான்தான்மா. ஸ்டோர்ஸுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்."

குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தேன். திரும்பினால், பலகை முன்னால் அக்கா ஆறு அட்டைகளோடு நிற்கிறார்.

"பச்சை லாரியில போயிருச்சுல்ல மேடம். இப்ப மாட்டணும்ல?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் பெட்டிச் சூட்டுல வளைஞ்சுபோச்சு."

"வளையட்டும்க்கா. மாட்டுங்க."