வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை

"மணி அடிக்குதுங்க. கதவைத் திறங்க!" என்று சமையலறையிலிருந்து ஃபரங்கிஸ் கத்தினாள்.

"அடிக்கட்டும். பரீட்சை இன்னும் முடியல" என்றார் ஹூஷங். கைபேசியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ஓடும் வினாடிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"ஐயோ மனுஷா, பொண்ணு பார்க்க வந்திருக்காங்க!"

"பரீட்சை ஹாலுக்குப் பொண்ணு பார்க்க வந்தா உள்ள விடுவாங்களா?"

மகள் எல்நாஸ் இரண்டு காதுகளையும் கட்டைவிரல்களால் அடைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்தி ஒன்றுக்குள் மூழ்கிக் கிடந்தாள். காட்சித் தொட்டியில் வளர்ந்த ஒரு ஆக்டோபஸ், மூடியை நகர்த்திவிட்டு வெளியே வந்து, தரையில் இருந்த வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்கே ஓடிப்போன கதை அது. கீழே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அதில் மூன்று ஏமாற்று.

கொன்கூர் நுழைவுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. எல்நாஸுக்கு டெஹ்ரானில் மொழிபெயர்ப்பு படிக்க வேண்டும். அதனால் அராக் நகரில் உள்ள அந்த மூன்றாவது மாடி வீட்டில் குளிர்காலம் முழுவதும் ஆங்கிலப் பத்திகளாகவே கழிந்தது. ஹூஷங்குக்கு ஆங்கிலம் தெரியாது. கடைவீதியில் குழாயும் தண்ணீர்த் திருகும் விற்பவர். திருகுகளின் தலையில் சூடு, குளிர் என்று காட்டும் இரண்டு எழுத்துகள் மட்டுமே அவருக்கு ஆங்கிலம். அதனால் நேரம் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். எடுத்தவர், உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி அதைச் செய்தார். மகள் தும்மினால்கூட "அமைதி" என்பார்.

விடைப் புத்தகம் ஃபரங்கிஸின் பொறுப்பு. பள்ளியில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் மிச்சமிருந்தது அவளிடம். வெங்காயம் வதக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள். கேட்டுக் கேட்டு, தேர்வு வைப்பவர்களின் தந்திரமெல்லாம் அவளுக்கும் ஊறிப்போய்விட்டது. 'எப்போதும்', 'ஒருபோதும்', 'யாருமே' என்று அடித்துச் சொல்கிற விடை பெரும்பாலும் பொய். 'ஆனால்' வந்தால் அடிக்கோடு போட வேண்டும். எழுதியவரின் உண்மையான எண்ணம் அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். தெரியாத கேள்வியைத் தொடக் கூடாது. தொட்டுத் தப்பானால் இருக்கிற மதிப்பெண்ணும் குறையும்.

மணி மறுபடி அடித்தது. ஹூஷங் வேறு வழியில்லாமல் உதட்டில் விரலை வைத்தபடியே போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. உங்க காலடி எங்க கண்ணு மேல" என்று கிசுகிசுத்தார். "சத்தம் மட்டும் வேண்டாம்."

வாசலில் பூரான் அம்மாள், அவர்கள் வழக்கில் 'பூரான் கானும்', நின்றாள், கறுப்புச் சாதர் அங்கியைத் தாடைக்குக் கீழே பிடித்தபடி. பின்னால் அவள் மகன் சியாமக், தன்னைவிட உயரமான பூங்கொத்தோடு. பூரானின் முகம் சட்டென்று வாடியது. "யாருக்காவது உடம்பு சரியில்லையா ஹூஷங் கான்?" என்று அவளும் கிசுகிசுத்தாள்.

"இல்ல கானும். ஆக்டோபஸ்."

அதற்குமேல் கேட்க மரியாதை இடம் தரவில்லை. இருவரும் நோயாளி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். பூங்கொத்தின் பளபளத் தாள் சியாமக் மூச்சுவிடும்போதெல்லாம் சரசரத்தது. சரசரக்கும்போதெல்லாம் ஹூஷங் திரும்பி முறைத்தார். பாவம், அந்த இளைஞன் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிப் பார்த்தான். கைபேசி ஆம்புலன்ஸ் மாதிரி அலறியபோது பூரான் துள்ளி எழுந்து கடவுள் பெயரைச் சொன்னாள்.

"பேனாவைக் கீழ வை!" என்றார் ஹூஷங் கம்பீரமாக. பிறகுதான் அவர் முகத்தில் மாமனார் களை வந்தது.

எல்நாஸ் தேநீர்த் தட்டோடு வந்தாள். முக்காட்டுக்கு மேல் காதோரம் பென்சில் செருகியிருந்தது. ஃபரங்கிஸ் கண்ணால் ஜாடை காட்டியும் அவளுக்குப் புரியவில்லை. தேநீர் எடுக்கும்போது பூரான், "இந்த மாதிரிப் பொண்ணு கையால டீ குடிக்க நாங்க என்ன புண்ணியம் பண்ணினோம்" என்றாள். "உங்களுக்கு டீ குடுக்கிற கொடுப்பினை எங்களுக்கு" என்றாள் ஃபரங்கிஸ். இப்படி இரண்டு சுற்று வந்ததில் தேநீர் ஆறியது.

ஹூஷங்குக்கு மனது வேறெங்கோ இருந்தது. "தம்பி, நீங்க அலுமினிய ஆலையில இன்ஜினியர்தானே? ஒரு ஆக்டோபஸ் உள்ள போகணும்னா எத்தனை அங்குலக் குழாய் வேணும்?"

சியாமக் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தான். "எலும்பே இல்லாத பிராணி. எடையைவிட, அதோட வாயில இருக்கிற அலகு எவ்வளவு பெரிசுன்னு பார்க்கணும் சார். அது நுழைஞ்சா மீதி எல்லாம் நுழைஞ்சிடும்."

எல்நாஸ் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த விஷயம் பத்தியின் மூன்றாவது பாராவில் இருந்தது.

வழக்கப்படி இருவரும் தனியாகப் பேச அடுத்த அறைக்குப் போனார்கள். வழக்கப்படி கதவு பாதி திறந்திருந்தது. வழக்கப்படி பெரியவர்கள் பழத்தட்டில் இருந்த வெள்ளரிக்காயைத் தோல் சீவுவது போல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"இந்த வரியில 'அது'ன்னு வருதே, எதைச் சொல்றாங்க?" என்றது எல்நாஸின் குரல்.

"குழாயை?"

"போச்சு. நானும் அதைத்தான் குறிச்சேன். மூடியாம்."

"மூடியா? அது மேல் வரியிலல்லவா இருக்கு! அநியாயமா இருக்கே!"

இருவரும் சிரித்தார்கள். பூரானின் முகம் மலர்ந்தது. "பாருங்க, எவ்வளவு மனம் விட்டுப் பேசறாங்க" என்றாள்.

ஃபரங்கிஸுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. பையன் நல்லவன், சிரிக்கத் தெரிந்தவன். அவள் பூரானின் தட்டில் ஒரு ஆரஞ்சை உரித்து வைத்தாள். அந்த நெருக்கத்தில் பூரான் விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க வீட்ல யாருமே எப்பவுமே பொண்ணுங்க படிப்பைத் தடுத்தது கிடையாது, ஃபரங்கிஸ் கானும்."

யாருமே, எப்பவுமே. ஃபரங்கிஸின் மனதுக்குள் இரண்டு பெருக்கல் குறி தானாக விழுந்தது. சீ, விருந்தாளியின் பேச்சில் இதென்ன என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இஷ்டம் போலப் படிக்கட்டும். யாரு வேண்டாம்னு சொன்னா? ஆனா..."

அறை வாசலுக்கு வந்து நின்ற எல்நாஸின் கை காதோரப் பென்சிலுக்குப் போனது. காற்றில் ஒரு கோடு இழுத்தாள்.

"ஆனா இந்தக் கோடையிலேயே கல்யாணத்தை முடிச்சிடணும். பரீட்சை எங்க ஓடிப் போகுது, வருஷா வருஷம் வருது. டெஹ்ரான்ல ஹாஸ்டல்ல தங்கறதெல்லாம் புதுப்பொண்ணுக்கு அழகா? இங்கேயே ஏதாவது கிளாஸுக்குப் போகட்டும். கேக் அலங்காரம்கூடச் சொல்லித் தர்றாங்களாம்."

"நியாயமான பேச்சு" என்றார் ஹூஷங் மகிழ்ச்சியாக. 'ஆனா'வுக்கு முன்னால் இருந்ததை மட்டுமே அவர் கேட்டிருந்தார்.

ஃபரங்கிஸின் கையில் ஆரஞ்சுத் தோல் அப்படியே நின்றது. யாரு வேண்டாம்னு சொன்னா? இதே வாக்கியத்தை அவள் கேட்டிருக்கிறாள். அன்று தேநீர்த் தட்டு அவள் கையில் இருந்தது. சொன்னவள் ஹூஷங்கின் தாய். பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்த வருஷம் அது. அந்த இலையுதிர் காலத்தில் புது வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அடுத்ததில் எல்நாஸ் வயிற்றில். அதற்கடுத்து மாமியாரின் முழங்கால். ஒவ்வொரு வருஷமும் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. இடம் மட்டும் போய்விட்டது.

"எல்நாஸ்" என்றாள் ஃபரங்கிஸ். குரல் அடுப்படியில் கேள்வி கேட்கிற குரலாக இருந்தது. "பூரான் கானும் இப்ப சொன்னதோட மையக் கருத்து என்ன?"

எல்நாஸுக்குப் பழக்கம். நிமிர்ந்து நின்று சொன்னாள். "ஒண்ணு, மருமக படிக்கலாம். ரெண்டு, படிக்கலாம், ஆனா அடுத்த வருஷம். மூணு, படிக்கலாம், ஆனா கேக் பத்தி. நாலு, மருமக படிக்கவே போறதில்ல."

"நாலு!" என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற சியாமக், பயிற்சியின் வேகத்தில்.

"சரியான விடை" என்றார் ஹூஷங், அதே வேகத்தில்.

சியாமக் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க பூரான் கானும்" என்றாள் ஃபரங்கிஸ். குரலில் தேன் வழிந்தது. "உங்க பேச்சை நாங்க தலை மேல வெச்சுக்கறோம். கல்யாண ஒப்பந்தத்துல ஒரே ஒரு வரி எழுதிடலாம். விரும்பின ஊர்ல, விரும்பின படிப்பைப் படிக்க இவளுக்கு உரிமை உண்டுன்னு. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு."

"எழுதறதா?" பூரானின் சாதர் நழுவியது. "நாங்க என்ன அன்னியமா? எங்க வாய் வார்த்தைக்கு மதிப்பு இல்லையா?"

"மாப்பிள்ளை தர வேண்டிய மஹருக்கு இத்தனை தங்க நாணயம்னு எழுதறோமே, அதுக்கும் வாய் வார்த்தை போதுமே."

"அது முறை. நாணயத்தை யார் கேக்கப் போறாங்க, யார் குடுக்கப் போறாங்க? சும்மா எழுதி வெக்கறது." பூரானுக்கு ஆத்திரத்தில் நாக்கு முந்திக்கொண்டது. "இதை எழுதினா செய்ய வேண்டி வருமே!"

"நீங்க என்ன சொல்றீங்க, சியாமக்?" என்று ஃபரங்கிஸ் அவனைப் பார்த்தாள்.

அவன் பூங்கொத்தைப் பார்த்தான். வெள்ளரிக்காயைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "அம்மா சொன்னா... அது..." என்று இழுத்தான். ஆக்டோபஸின் அலகைப் பற்றித் தெளிவாகப் பேசியவன் அவன்தானா என்றிருந்தது.

"விட்டுடுங்கம்மா" என்றாள் எல்நாஸ் மெதுவாக. அவள் குரலில் கேலி இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "விடை எழுதாம விட்டா மார்க் குறையாது."

வாசலில் விடைபெறுவது வெகுநேரம் நடந்தது. உங்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டோம், நீங்கள் வந்ததே வெளிச்சம், உங்கள் நிழல் எங்கள் மேல் குறையாமல் இருக்கட்டும், நீங்கள் முதலில், இல்லை நீங்கள்தான். மாடிப்படித் திருப்பம் வரை வாழ்த்து ஒலித்தது.

"முடிஞ்ச மாதிரிதான்!" என்று ஹூஷங் கையைத் தேய்த்துக்கொண்டார். "எவ்வளவு அன்பாப் பேசிட்டுப் போறாங்க!"

ஃபரங்கிஸ் கோப்பைகளை அடுக்கினாள். எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹூஷங் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார்.

"நீ எதை நினைச்சுக்கிட்டு அப்படிப் பேசினேன்னு தெரியும். நான் உன்னை எப்பவாவது படிக்க வேண்டாம்னு சொன்னேனா?"

"இல்லங்க" என்றாள் அவள். "சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

ஹூஷங் தண்ணீர்த் திருகைப் பார்த்தார். தன் கடையில் விற்றதுதான். பிறகு அதைத் திறந்து, அவள் கேட்காமலே கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். நுரை போகவில்லை. அவள் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் பூரான் தொலைபேசியில் வந்தாள். சியாமக் சாப்பிடுவதில்லை, எந்நேரமும் கடல் பிராணிகளைப் பற்றிய படமே பார்க்கிறான் என்றாள். குடும்பத்தில் கலந்து பேசியதாகவும், பெண் வீட்டாரின் மனக்குறையைத் தீர்க்க முடிவு செய்திருப்பதாகவும் சொன்னாள். ஃபரங்கிஸுக்கு ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது.

"மஹரை நூறு நாணயம் கூட்டி எழுதறோம்" என்றாள் பூரான் பெருமிதமாக.

"அந்த ஒரு வரி?"

"அது எதுக்கு, அதான் நூறு நாணயம் இருக்கே!"

ஃபரங்கிஸ் சுவரைப் பார்த்தாள். உங்கள் பெருந்தன்மைக்கு நாங்கள் தகுதியில்லை, யோசித்துச் சொல்கிறோம், பெரியவர்களைக் கேட்கிறோம் என்று இதற்கெல்லாம் எத்தனையோ அழகான வாக்கியங்கள் நாக்கு நுனியில் வரிசை கட்டின. பிறந்ததிலிருந்து பேசிய வாக்கியங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "வேண்டாம், பூரான் கானும்" என்றாள்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "ஐயோ, உங்க அடக்கமே அடக்கம்! கூச்சப்படாதீங்க. நூத்தம்பது."

"வேண்டாம்."

"நீங்க ரொம்பப் பெரிய மனசுக்காரங்க. எங்களை வெட்கப்பட வெக்காதீங்க. இருநூறு!"

மரியாதைக்காக மூன்று முறை மறுப்பது அவர்கள் ஊர் வழக்கம். ஒரு பெண் நிஜமாகவே மறுத்தால் அதைக் கேட்டுக்கொள்ள அந்த வழக்கத்தில் இடமில்லை. ஃபரங்கிஸுக்கு இது புரிந்தபோது கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வசதியாகச் சாய்ந்து, தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள் மறுபடி. சொல்லச் சொல்ல அந்தச் சொல் வாய்க்கு ருசியாக இருந்தது.