வெள்ளிக்கிழமை இல்லாத வாரம்

சமோவா அரசாங்கம் அந்த டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தூக்கிவிட்டது. வியாழன் படுத்து எழுந்தால் சனி. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வியாபாரம் பேச அதுதான் வசதியாம். ஊரில் யாருக்கும் இதனால் ஒரு சேதாரமும் இல்லை, பெனியாமினா ஒருவனைத் தவிர.

பெனி வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் லௌலுதான் குடும்பத்துக்கு மதாய், அதாவது தலைவர்; அவர் கண்ணசைக்காமல் அந்த வளவில் அடுப்பு புகையாது. போதாக்குறைக்கு ஞாயிறு சபையின் மூத்த டீக்கன். பெனியோ ஏழாம் நாள் சபைக்காரன். ஆண்டவர் ஓய்ந்திருந்தது ஏழாம் நாள், அது சனிக்கிழமை, ஞாயிறு மனுஷன் கொண்டுவந்தது என்று பெண் கேட்கப் போன இடத்திலேயே சொன்ன ஆள். லௌலு பெண்ணைக் கொடுத்தார், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். சனிக்கிழமை அவன் தன் கோயிலுக்குப் போய்க்கொள்ளலாம். ஞாயிறு விடியுமுன் எழுந்து உமு மூட்ட வேண்டும். கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் சேப்பங்கிழங்கும் மீனும் பன்றியும் அடுக்கி, வாழையிலை போட்டு மூடி, ஆராதனை முடிந்து வீட்டார் வரும்போது விருந்து தயாராக இருக்க வேண்டும். மச்சான்கள் மூவரும் ஆக்லாந்தில். பதினொரு வருஷம் இந்த ஏற்பாடு பிசகவே இல்லை.

இப்போது வெள்ளி போய்விட்டது. வியாழக்கிழமை கூட்டத்தில் பெனியின் சபை மூப்பர் விரலை மடக்கி எண்ணினார். "இன்னைக்கு அஞ்சாம் நாள். நாளைக்கு ஆறாம் நாள், அதுக்கு அவங்க சனின்னு பேர் வச்சாலும் சரி. மறுநாள்தான் ஏழு. ஞாயித்துக்கிழமைன்னு சொல்றாங்களே, அதுதான் நமக்கு ஓய்வுநாள்."

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். காலண்டரில் சனி என்று இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கும்பிடுவது என்று கேட்டான் பெனியின் சிநேகிதன் தோஃபி. வாசலில் நின்று பெனியின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வாடா, நாங்க சனிக்கிழமை தனியா கும்பிடப்போற கொட்டகைக்கு. பேரும் சனி, உன் உமுவுக்கும் பங்கமில்ல. ரெண்டும் ஒருசேரக் கெடைக்கிது, விடுவியா?"

விட மனமில்லைதான். அதுதான் பெனியை உறுத்தியது. உமு என்ற ஒன்று இல்லாவிட்டால் எதை நம்புவோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். தானும் விரலை மடக்கினான். எத்தனை தடவை எண்ணினாலும் ஏழு ஞாயிற்றில்தான் வந்து நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் மாமனாரிடம் போய், இன்று பொழுது சாய்ந்ததுமே தனக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதன்பின் நெருப்பைத் தொடமாட்டேன் என்று சொன்னான். லௌலு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பதினோரு வருஷமா எங்க நாளு பொய்யின்னு சொன்ன. இப்ப நீயே எங்க நாளுக்கு வந்துட்டியா மாப்ள?"

"நான் வரல மாமா. நாள்தான் வந்துருச்சு. பொழுது சாயறதுக்குள்ள உமுவை முடிச்சு வச்சிடறேன்."

"புது வருஷமும் அதுவுமா போதகர் சாப்பிட வர்றாரு. ஆறிப்போன கெழங்கையா அவருக்கு வைப்பேன்?" சிரிப்பு நின்றுவிட்டது. "விடியக்காலம் உமு பொகையணும். இல்லேன்னா உன் பாயைச் சுருட்டிக்கிட்டு உங்க ஊரைப் பாத்துப் போ."

பெனியின் பெண்டாட்டி ஃபிலிஸிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தாயில்லாத வீடு, அப்பாவை விட்டு அவள் நகரமாட்டாள், பிள்ளைகளும் நகரமாட்டார்கள். "ஒரே ஒரு தீக்குச்சிங்க," என்றாள். "உங்க ஆண்டவர் அதைப் போயா கணக்குப் பாப்பாரு?" பெனி பொழுது சாய்வதற்குள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். அழுகையை அடக்கினான், ஆனால் அவள் கண்ணுக்கு அதை மறைக்க முடியவில்லை.

ஞாயிறு வெளுக்கும்போது முகம் கழுவ வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அடுக்களைக் கொட்டகையில் லௌலு தனியாகக் குந்தி, தேங்காய் மட்டையை ஊதிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷமாக உமுப் பக்கமே போகாதவர். மாப்பிள்ளை மறுத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டில் போய் ஆள் கேட்க மானம் இடம் தரவில்லை. புருவம் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. பெனிக்குக் கை பரபரத்தது, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மாமா, கல்லு இன்னும் காயல."

"வாயால சொன்னா அது வேலையில்லையோ? போடா, உன் கோயிலுக்கு நேரமாச்சு!"

பெனி வெள்ளைச் சட்டையும் வெள்ளை லாவாலாவா வேட்டியுமாகத் தெருவில் நடந்தான். ஊரே அதே வெள்ளையில் எதிரே வந்தது. "ஒருவழியா திருந்திட்டான்!" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அன்று கோயிலில் பாட்டு ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

மத்தியானம் பாயை எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தான். பந்தி நடந்துகொண்டிருந்தது. போதகர் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வா பெனி! உமுவை உன் கையாலதான் போட்டியாமே, மாமா சொன்னாரு. ஓய்வுநாள் மனுஷனுக்காகத்தான்னு இப்பவாவது வெளங்கிச்சே."

லௌலு தலை நிமிரவில்லை. மதாய் அடுப்பூதினார் என்று வெளியே தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? சரி என்று பெனி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாய் மூலையிலேயே இருக்கும். ஃபிலிஸிதாவின் கண் கெஞ்சியது.

"நான் நெருப்பத் தொடல ஐயா," என்றான் பெனி.

விசிறிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கை நின்றது. லௌலு வலது உள்ளங்கையை விரித்துப் போதகர் முன் நீட்டினார். கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

"நான்தான் சுட்டேன். இருட்டோட எழுந்து, ஆராதனைக்கு வந்து உக்காந்தா கண்ணு சொக்குது, கை எரியுது. நீங்க பேசுன பிரசங்கம் ஒண்ணும் மண்டையில ஏறல." "பதினோரு வருஷமா நம்ம ஓய்வுநாளைக் காப்பாத்துறோம்னு நெனச்சேன், போதகரே. இவன் ஒருத்தனை வேலைக்கு வச்சுத்தான் காப்பாத்தியிருக்கேன். வேலைக்காரனும் ஓயணும்னுதானே கட்டளையில இருக்கு? நான் படிச்சதில்லையா, நீங்க சொன்னதில்லையா?"

போதகர் வாயில் வைத்த கிழங்கை மெல்லாமல் இருந்தார்.

லௌலு சற்று நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். "உக்காரு மாப்ள. கெழங்கு நடுவுல வேகல, தொண்டை அரிக்கும். ஓரமா எடுத்துத் தின்னு."