ஐந்து பூனைக்காதுச் செடிகள்

செத்த செடியை அழகாகக் கிடத்துவதில் ரத்னாபாயை மிஞ்சத் திருவனந்தபுரத்தில் ஆள் கிடையாது. இருபத்தாறு வருஷமாக ஆராய்ச்சி நிலையத்தின் உலர்செடிக் காப்பகமான ஹெர்பேரியத்தில் அதுதான் அவள் வேலை. காட்டில் பறித்த செடியைக் காகிதத்துக்குள் அழுத்தி உலர்த்திக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அவள் அதை விஷம் கலந்த ஸ்பிரிட்டில் முக்குவாள், அட்டையில் ஒட்டுவாள், தண்டை நூலால் தைப்பாள். கடைசியில் வலது மூலையில் சீட்டு. எங்கே எடுத்தது, யார் எடுத்தது, அங்கே எத்தனை நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். சீட்டைப் படிக்கச் சொல்லி அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இருந்தாலும் படிப்பாள்.

அந்தப் பழக்கம்தான் அவள் வீட்டைக் காப்பாற்றப் பார்த்தது. பாறசாலைக்குக் கிழக்கே அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை மலை. அதில் குவாரி வைக்க ஒரு கம்பெனி மனுப் போட்டிருந்தது. அடுத்த குன்றில் வைத்த வெடிக்கே அடுக்களைச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பின்னால் நிற்கும் மலையிலும் வெடித்தால் வீடு இருக்காது. கணவன் செல்வின் ஏறாத ஆபீஸ் இல்லை. ஏறிய இடத்திலெல்லாம் நாளைக்கு வா என்றார்கள்.

அப்படியிருக்கும்போது, பழைய அட்டை ஒன்றுக்குப் புது உறை போட எடுத்தாள். எண்பது வருஷத்துக்கு முந்திய செடி. 'இதன்பின் எவரும் கண்டதில்லை' என்று யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். ரத்னாபாய் உற்றுப் பார்த்தாள். சாட்சாத் பூனைக்காதுச் செடி! அந்த மலையில் அவள் சுள்ளி பொறுக்கப் போகும் பாறையில் முழங்கால் உயரத்துக்கு நிற்பது. எவரும் காணாததாம்! அதில் அவள் துணி காயப்போட்டிருக்கிறாள்.

அவளே அனுஷாவையும் ரதீஷையும் மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அனுஷா செடிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கிற பிரிவு, மார்த்தாண்டத்துப் பெண். ரதீஷ் மரபணு பார்க்கிற பிரிவு. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு சுவர். மூன்று பேருமாக மலை முழுக்க அலசினார்கள். மேல் விளிம்பில் இரண்டு, கீழே பாறை இடுக்கில் மூன்று. மொத்தம் ஐந்து செடி. நிலையத் தலைவர் ராஜமணி சார் சந்தோஷத்தில் குதித்தார். "மிகவும் அருகிப்போன இனம்னு அரசாங்கக் கமிட்டி ஒத்துக்கிட்டா போதும் ரத்னாபாய். பிறகு அந்த மலையில ஒரு கல்லைத் தொட விடமாட்டாங்க." அன்றைக்கு அவள் பஸ்ஸில் வீடு போகவில்லை, பறந்துதான் போனாள்.

இது நடந்து மூன்று வாரம். புதன்கிழமை, கமிட்டி கூடியிருக்கிற நாள். திங்களன்று அனுஷா கொடுத்திருந்த பூனைக்காதுச் செடிக் கட்டையும், காலையில் ரதீஷின் பையன்கள் மேஜையில் போட்டுப் போன கட்டையும் ரத்னாபாய் ஒன்றாகவே விஷத்தில் முக்கி எடுத்திருந்தாள். அருமையான மாதிரிகள். வேர், பூ, முற்றிய காய் எல்லாம் ஒரு குறையில்லாமல். தன் மலைச் செடி என்பதால் கூடுதலாக இரண்டு தையல் போட்டாள். பிறகு சீட்டுகளை எடுத்தாள்.

அனுஷாவின் சீட்டு: 'மேல் விளிம்பு. மொத்தம் 5. எடுத்தது 2. விட்டது 3.'

ரதீஷின் சீட்டு: 'கீழ் இடுக்கு. மொத்தம் 5. எடுத்தது 3. விட்டது 2.'

ரத்னாபாய்க்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பசைத் தூரிகையைக் கூடக் கையில் எடுத்துவிட்டாள். அப்புறம் அட்டைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. தூரிகை தரையில் விழுந்தது.

"அனுஷா! மக்ளே, இஞ்ச ஓடி வா!"

அனுஷா வந்து படித்தாள். இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றி மூன்று தடவை படித்தாள். "இல்லக்கா, நான் ரெண்டுதான் எடுத்தேன். வேரோட மாதிரி வேணும்னு கமிட்டி லெட்டர் வந்துது. கீழ மூணு நிக்குதேன்னுதான்…"

வெளியே போயிருந்த ரதீஷுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் மலையாளத்தில் உற்சாகமாக வந்தது. "ஞான் மூணல்லே எடுத்துள்ளூ. மேலே ரெண்டெண்ணம் உண்டல்லோ!"

"மேலே இல்லை ரதீஷ்," என்றாள் அனுஷா. "அந்த ரெண்டையும் நான் எடுத்துட்டேன்."

வேலி பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே இரண்டு வேலி. இது மேயாது என்று அதுவும், அது மேயாது என்று இதுவும் நம்பி மேய்ந்திருக்கின்றன. ரத்னாபாய் காய்களைப் பார்த்தாள். முற்றிய விதைகள். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகச் சீட்டைப் படித்திருந்தால் நாலு விதையை ஈரமண்ணில் போட்டாவது பார்த்திருக்கலாம். தன் கையாலேயே விஷத்தில் முக்கியாயிற்று.

அப்போதுதான் ராஜமணி சார் லட்டுப் பெட்டியோடு உள்ளே வந்தார். "ஒத்துக்கிட்டாங்க! குவாரி மனு நின்னாச்சு. செவ்வாய்க்கிழமை கமிட்டி மலைக்கு வருது, செடியை நேர்ல பாக்கணுமாம். இடம் காட்ட நீங்கதான் வரணும் ரத்னாபாய்."

"காட்டுததுக்கு மலைக்குப் போகாண்டாம் சார்," என்றாள் ரத்னாபாய். "அஞ்சும் இஞ்சதான் கிடக்கு."

சார் சீட்டுகளைப் படித்தார். லட்டுப் பெட்டியை மெல்ல மேஜையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எண்ணிக்கை இருக்கிற இடத்தை வெள்ளையா விட்டு வேற சீட்டு அடிக்கலாம். தேடினா அங்க ரெண்டு செடி கிடைக்காமலா போகும்? யோசிச்சுப் பாருங்க, உங்க வீடும் அங்கதானே இருக்கு."

யோசித்தாள். அடுக்களை விரிசல் கண்ணுக்குள் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் மலையில் காக்க எதுவுமில்லை, குவாரி வரும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை ஐந்து குழியைக் காட்டி, இங்கேதான் நின்றது என்று அவளே பொய் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் வெள்ளைச் சீட்டின் மேல் ஆசை வந்ததென்னவோ நிஜம். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு சீட்டையும் மாற்றி ஒட்டியதில்லை. எண்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் உள்ளதை எழுதி வைத்ததால்தானே அவளுக்கே இந்தச் செடி தெரிந்தது.

குனிந்து தூரிகையை எடுத்தாள். அந்தந்த அட்டையில் அந்தந்தச் சீட்டை ஒட்டினாள். சார் தடுக்கவில்லை. அனுஷா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

போன் அடித்தது. செல்வின். பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது. மலையடிவாரமே கூடியிருக்கும் போல. "ரத்னா, சார் அப்பமே விளிச்சு சொன்னாரு! நம்ம செடி பாஸாயிட்டாமே!"

"பாஸாயிட்டு," என்றாள் ரத்னாபாய். "செடிதான் இல்ல."

அவன் சத்தத்தில் கேட்காமல் "என்னது, என்னது?" என்று கத்திக்கொண்டே இருந்தான். அவள் பசை காய்வதற்காக ஐந்து அட்டைகளின் மேலும் மணல் பையைத் தூக்கி வைத்தாள்.