வேல்பாண்டி ஏற்றாத உப்பு

பண்ணைப்புரத்தில் வேல்பாண்டியின் பிக்கப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. வாங்கி வருஷங்கள் ஓடியும் அந்த வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. வாழைத்தார் ஏற்றுவான், தேங்காய் ஏற்றுவான். யூரியா மூட்டை, கருவாடு என்று யாராவது வந்தால் ஆளை விடுங்கள் என்று கும்பிட்டுவிடுவான். சாயங்காலம் வீடு திரும்பியதும் குழாயைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு மேல், சேசிஸுக்கு அடியில், சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் என்று மூலைமுடுக்கு விடாமல் கழுவுவான். அப்புறம் துணி, அப்புறம் பாலிஷ். பெற்ற பிள்ளையைக்கூட அவன் இப்படிக் குளிப்பாட்டியதில்லை.

பின்பக்கத் தொட்டியில் கீறல் விழக்கூடாதென்று கனத்த ரப்பர் பாய் விரித்து, நாலு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தான். தண்ணீர் வடியட்டும் என்று கம்பெனிக்காரன் தரையில் விட்டிருந்த ஓட்டைகள் வேறு அவன் கண்ணை உறுத்தின. அது வழியாகச் சேறு தெறித்து மேலே வருகிறதாம்! பசை வைத்து அடைத்துவிட்டான். அன்றைக்கு அவனுக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

அப்படிப்பட்டவன்தான் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. உத்தமபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை யுவராணியின் மகளுக்குச் சடங்கு. யுவராணி முந்தின நாளே போன் போட்டுவிட்டாள்.

"அண்ணே, எங்க நாத்தனா ஒவ்வொரு தட்டா எண்ணிப் பாப்பாக. ஏதாச்சும் கொறஞ்சுச்சு, ஆயுசுக்கும் என்னியச் சொல்லிக்காட்டுவாக. பாத்து வாண்ணே."

"நான் இருக்கேன்ல, விடு" என்றான்.

மறுநாள் காலையில் அவன் மனைவி பாண்டீஸ்வரி வண்டியில் முதலில் ஏற்றியது உப்பு. புதுப்பானை நிறையக் கல்லுப்பு, மேலே மஞ்சள் கிழங்கு. அவர்கள் வழக்கத்தில் சீர் இறங்கும்போது உப்புதான் முதலில் வீட்டுக்குள் போகவேண்டும். மற்றதெல்லாம் அதன் பின்னால்தான்.

வேல்பாண்டி ஓடி வந்தான். "ஏய், உப்ப ஏண்டி இங்கன வச்ச? சாரல் வேற அடிக்குது. கரைஞ்சு எறங்குச்சுன்னா தகரத்தத் தின்னுரும். நீ அதத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்துரு."

"தாய்மாமன் சீரு பஸ்ல வருமாக்கும்? நல்ல ஆளுதான் நீங்க!" என்று சிரித்துவிட்டு அவள் பூ வைக்க உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் பானையை இறக்கி அடுப்படியில் வைத்துவிட்டான். உத்தமபாளையத்துக் கடையில் ஒரு பானையும் உப்பும் வாங்கினால் போயிற்று, இதற்குப் போய் வண்டியைக் கெடுப்பார்களா! அரிசி மூட்டை, பழத்தட்டு, வளையல் தட்டு, பட்டு எல்லாம் ஏறின. தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். பாண்டீஸ்வரி ஒரு துணி மூட்டையோடு வந்து முன்சீட்டில் ஏறினாள். மாற்றுச்சேலையாக இருக்கும் என்று அவன் எதுவும் கேட்கவில்லை.

கோம்பை தாண்டும்வரை சாரல் விடவில்லை. எதிரே வந்த டிராக்டர் ஒன்று சேற்றை வாரிக் கதவில் அடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் அவன் நினைப்பெல்லாம் அந்தச் சேற்றின் மேல்தான். உத்தமபாளையத்தில் தெருமுனையிலேயே மேளக்காரர்கள் வண்டியை எதிர்கொண்டு வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் உப்பு ஞாபகம் வந்தது. அடக் கடவுளே!

வாசலில் ஆரத்தித் தட்டோடு நாத்தனார் சங்கிலியம்மாள் நின்றாள். "மொதல்ல உப்ப எறக்குங்கப்பா."

யுவராணியின் புருஷன் ஈஸ்வரபாண்டி தார்ப்பாயை அவிழ்த்தான். "உப்புப் பானையக் காணமே மச்சான்? மூட்டைக்குப் பின்னால இருக்கா?" என்று அரிசி மூட்டையை நகர்த்தினான். மூட்டையின் அடி நனைந்து, செங்காவி நிறத்தில் கறை பிடித்திருந்தது. ரப்பர் பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. தகரம் அப்பளம் மாதிரிப் பொரிந்து கிடந்தது. விரலால் அழுத்தினான், விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. தண்ணீர் தெருவில் ஒழுகியது. தினமும் கழுவிய தண்ணீர் பாய்க்கு அடியில் இறங்கி, வடிய வழியில்லாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. உப்புக்கல் ஒன்றுகூடப் படாத தகரம்!

வேறொரு நாளாயிருந்தால் வேல்பாண்டி அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். இப்போது அவன் கண் யுவராணியின் மேல் இருந்தது. அவள் முகம் செத்துப்போயிருந்தது. ஒரு தகரத்துக்காகத் தங்கச்சியை ஊர் முன்னால் இப்படி நிறுத்திவிட்டோமே! மேளம் நின்றது.

"உப்பு இல்லாமயா சீர் கொண்டாந்தீக?" என்றாள் சங்கிலியம்மாள்.

"இங்கன இருக்கு மதினி." முன்கதவைத் திறந்துகொண்டு பாண்டீஸ்வரி இறங்கினாள். கையில் அந்தத் துணி மூட்டை. அவிழ்த்தாள், உள்ளே உப்புப் பானை. "பின்னால வச்சா சாரல்ல நனைஞ்சுரும், கால்மாட்டுல பத்திரமா வச்சுக்கன்னு இவுகதான் சொன்னாக."

சங்கிலியம்மாளின் முகம் தெளிந்தது. "வெவரமான ஆளுதான்" என்றாள். யுவராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வேல்பாண்டி பானையை வாங்கிக்கொண்டான். "எப்படீடி?" என்று முணுமுணுத்தான்.

"அடுப்ப அணைக்கப் போனேன், அங்கன உக்காந்திருந்துச்சு. ஒங்கள எனக்குத் தெரியாதா? தலையில வச்சுக்கிட்டு நடங்க."

உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் அவன் நடந்தான். மேளம் மறுபடி கிளம்பியது.

சாயங்காலம் புறப்படும்போது, வெறும்பானையாகத் திருப்பக்கூடாது என்று சங்கிலியம்மாள் இரண்டு கை உப்பை உள்ளே போட்டுக் கொடுத்தாள். வேல்பாண்டி தானே அதை வாங்கிக்கொண்டு நேரே தொட்டிக்குப் போனான்.

"அங்கன வேணாம், இப்பிடிக் கொண்டாங்க" என்று முன்சீட்டிலிருந்து பாண்டீஸ்வரி கூப்பிட்டாள். "பானையே ஓட்ட வழியா விழுந்துரும்."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பானையை அவள் மடியில் வைத்துவிட்டு, பாயைக் கழற்றுவதற்கு அங்கேயே ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான்.