ஐந்து முறை விழுந்த கோட்டுக்காரர்

காலால் ஒரு பந்தைக்கூடத் தொடாமல், புல்தரையில் ஐந்து முறை குப்புற விழுந்தே தன் நாட்டுக்குக் கால்பந்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் மைதானத்துக் கோட்டுக்காரர். வயது ஐம்பத்தாறு. இரண்டு முழங்காலிலும் வலி. விசில் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்ள இடம் தேடும் சுபாவம். இதை நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கோட்டுக்காரர் என்றால் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவர். இருபத்தெட்டு வருடமாகப் போடுகிறார். அவர் போட்ட கோடுகளையெல்லாம் ஒட்டிக் கட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து, மிச்சத்தில் நாலு குடும்பம் துணி காயப்போடலாம். அவருக்குக் கூடமாட வேலை செய்கிறவன் மச்சினன், மனைவியின் தம்பி. ஒருவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தால் மற்றவன் மறுமுனையைப் பிடிப்பான்.

அந்த டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் புல் வெட்டும் மெஷின் அதன் முதல் மீட்டரைத் தின்றுவிட்டது. புது டேப் கேட்டதற்கு ஆபீசில், "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே அந்த டேப் ஒன்று என்ற எண்ணிலிருந்துதான் தொடங்கும். கோட்டுக்காரர் கிழிந்த முனையைக் கோல் கோட்டின் மேல் அழுத்திக்கொண்டு, "ஒண்ணு கூட்டு!" என்று கத்துவார். பதினோரு மீட்டர் வேண்டுமானால் டேப்பில் பன்னிரண்டு காட்டும் இடத்தில் மச்சினன் ஆணி அடிப்பான். அங்கே பெனால்டிப் புள்ளி. ஆறு வருடத்தில் ஒரு விரற்கடை பிசகியதில்லை.

பிசகியது பத்திரிகையில் வந்த ஒரு படத்தால்.

எட்டு நாடுகள் ஆடிய பிராந்தியக் கோப்பைப் போட்டி அது. சொந்த நாட்டு அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது சரித்திரத்திலேயே முதல் தடவை. அதுவரை போன இடமெல்லாம் முதல் சுற்றிலேயே தோற்று, கொண்டுபோன பெட்டியைத் திறக்காமலே வீடு திரும்பிய அணி. ஆகவே அரையிறுதி வென்ற மறுநாள் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் படம் எடுத்தார்கள். மைதான ஊழியர்கள் படத்தில் மச்சினன் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நடுவில் நின்றான். கோட்டுக்காரரும் இருந்தார். மச்சினனின் தோளுக்கு மேலே அவருடைய வலது காது மட்டும் இருந்தது.

மனைவி படத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டினாள்.

"என் தம்பி எப்படி ராசா மாதிரி நிக்கிறான் பாருங்க!"

"அந்தக் காது யாரோடதுன்னு தெரியுதா?"

"எந்தக் காது?"

அன்றோடு கோட்டுக்காரருக்கும் மச்சினனுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நாலு நாள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் வடக்குக் கோலுக்கு முன்னால் புதுப் புல் பதித்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெனால்டிப் புள்ளியையும், அதை நடுவாக வைத்து இழுக்கும் வளைவையும் மட்டும் புதிதாக அளந்தாக வேண்டும். "ஒண்ணு கூட்டு" என்று கத்தினால் பேசியதாக ஆகிவிடும். மானஸ்தர் அல்லவா, கோட்டுக்காரர் வேறு வழி செய்தார். ஒரு மீட்டர் குச்சியைக் கோல் கோட்டிலிருந்து கிடத்தி, குச்சியின் மறுநுனியில் டேப்பின் கிழிந்த முனையைப் பிடித்தார். இனி யாரும் எதையும் கூட்ட வேண்டாம், டேப்பில் உள்ள எண்ணே சரியான எண். இதை மச்சினன் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று நினைத்தார். மச்சினனோ இந்தப் பக்கம் திரும்பினால் பார்த்ததாக ஆகிவிடும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணி அடித்தான். புள்ளி வைத்தார்கள். ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

சாயங்காலம் ஆட்டம். நாற்பதாயிரம் பேர். அவர்கள் விட்ட மூச்சிலேயே மைதானத்துக் கொடிகள் பறந்தன. தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கியது. வடக்கு மூலையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் தற்செயலாக அந்த வளைவைப் பார்த்தார்.

வளைவு தொந்தி போட்டிருந்தது.

இருபத்தெட்டு வருடமாகத் தன் கையால் போட்ட வளைவு. பெனால்டிப் பெட்டிக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு எட்டிப் பார்க்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்று ஒரு மீட்டர் அதிகமாக எட்டிப் பார்த்தது. வளைவு தப்பென்றால் புள்ளி தப்பு.

இந்தப் போட்டிக்கு ஒரு கடுமையான விதி உண்டு. அளவு தப்பிய புள்ளியிலிருந்து ஒரே ஓர் உதை விழுந்தாலும் போதும், போட்டியை நடத்தும் நாடு தோற்றதாக அறிவித்துவிடுவார்கள். முதல் உதைக்கு முன்னால் திருத்திக்கொண்டால் தப்பில்லை. இதுவரை அங்கே பெனால்டி விழவில்லை. ஆனால் ஆட்டம் சமனில் முடிந்தால் பெனால்டி உதைகள்தான் முடிவு சொல்லும், எல்லா உதையும் ஒரே புள்ளியிலிருந்துதான்.

அவர் மச்சினனிடம் ஓடினார்.

"மாப்ள, காலையில எதுல ஆணி அடிச்ச?"

"ஓகோ, இப்ப மட்டும் வாய் திறக்குதாக்கும்."

"நான் குச்சி வெச்சு ஒரு மீட்டர் தள்ளிப் பிடிச்சிருந்தேன்டா. பதினொண்ணா பன்னெண்டா? அத மட்டும் சொல்லிடு."

மச்சினன் ஒரு நொடி யோசித்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்தினான்.

"பதினொண்ணு. நீங்க குச்சி வெச்சத நான் பாக்கலேன்னு நெனச்சீங்களா?"

"வளைவு தொந்தி போட்டிருக்குடா!"

"உங்களுக்கும்தான் போட்டிருக்கு. அதுக்காக ஆட்டத்த நிறுத்த முடியுமா? அப்படி ஒண்ணும் நடக்கல மாமா. உங்க கண்ணுலதான் கோளாறு."

இதில்தான் கோட்டுக்காரர் ஆடிப்போனார். அவன் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? சரியான புள்ளியைப் போய்த் திருத்தினால் அதுவே தப்பாகிவிடும். திருத்தினாலும் நாடு போச்சு, திருத்தாவிட்டாலும் நாடு போச்சு. யாராவது ஒரு கோல் போட்டுத் தொலைத்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டார். எதிரணி போட்டால்கூடப் பரவாயில்லை என்று மனம் சொன்னதும் தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொண்டார். கோல் விழவில்லை. நூற்றிருபது நிமிடம் முடிந்தது.

எந்தப் பக்கம் என்று நடுவர் காசைச் சுண்டினார். தெற்கு என்று விழுந்தால் பிழைத்தார். காசு அரை மணி நேரம் காற்றிலேயே சுற்றியதாகக் கோட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். இறங்கியதும் நடுவர் கையை வடக்கே நீட்டினார்.

"மாப்ள, டேப்ப எடுத்துக்கிட்டு வா. அளந்து பாத்துடுவோம்."

"டேப்போட உள்ள போனா, கோடு தப்புன்னு நாமளே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரிதான். நான் வரல. நீங்களும் போகாதீங்க."

வீரர்கள் புல்லில் படுத்துக் காலை நீவிக்கொண்டிருந்தார்கள். மைதான ஊழியர்கள் உள்ளே போய்ப் பிய்ந்த புல்லை மிதித்துச் சரிசெய்ய மூன்று நிமிடம் உண்டு. கோட்டுக்காரர் சட்டைப் பையில் இரண்டு பிடி சுண்ணாம்புப் பொடியை அள்ளிப் போட்டுக்கொண்டு தனியாக நடந்தார். டேப் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஓர் அளவு இருந்தது. வருடாவருடம் கோல் கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர் அவர். கையை மேலே நீட்டி நின்றால் குதிகாலிலிருந்து விரல்நுனி வரை இரண்டு மீட்டர் இருபது. ஐந்து தரம் போட்டால் பதினொன்று.

கோல் கோட்டில் குதிகாலைப் பதித்து, கைகளை நீட்டி, அப்படியே குப்புற விழுந்தார்.

"பெரியவருக்கு மயக்கம்!" என்று யாரோ அலறினார்கள். அவர் விரல்நுனி பட்ட இடத்தில் நகத்தால் கீறி, எழுந்து, அங்கே குதிகாலை வைத்து மறுபடி விழுந்தார். முழங்கால் இரண்டும் பட்டாசு போலச் சடசடத்தன. மூன்றாவது தரம் விழுந்தபோது ஜனங்கள் விஷயத்தைத் தங்களுக்குப் பிடித்த மாதிரி புரிந்துகொண்டார்கள். நாட்டுக்காக மண்ணில் விழுந்து கும்பிடுகிறாராம்! நாற்பதாயிரம் பேரும் எழுந்து நின்று, "நாலு!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டதாம். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள்.

"அஞ்சு!"

ஐந்தாவது தரம் நெற்றி புல்லில் இடிக்க விழுந்து, மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார். நீட்டிய விரலுக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர் பச்சைப் புல்.

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. விரலடியில் பொடியைக் குவித்துப் புதுப் புள்ளி வைத்தார். பழைய புள்ளி வரை தவழ்ந்துபோய் அதன்மேல் படுத்து உருண்டார். புள்ளி புல்லை விட்டு அவர் சட்டைக்கு வந்தது.

எழுந்திருப்பதற்குள் எதிரணி மேலாளர் பாய்ந்து வந்துவிட்டார்.

"புள்ளிய நகத்திட்டான்! நான் பாத்தேன்! கோலுக்குக் கிட்ட கொண்டுவந்துட்டான்!"

போட்டி அதிகாரி, சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கிற முகம், நடுவரோடு வந்தார்.

"டேப் கொண்டு வாங்க."

மச்சினன் கொண்டு வந்தான். அதிகாரி கிழிந்த முனையைக் கோல் கோட்டில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, தானே டேப்பை இழுத்துக்கொண்டு போய்ப் புதுப் புள்ளியில் குனிந்தார்.

"பன்னெண்டு" என்றார். "பதினொண்ணுதான இருக்கணும்? இந்தப் புள்ளி தப்பு. நீங்க ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கீங்க."

கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். சுண்ணாம்பு அப்பிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையை ஆட்டினார், டேப்பைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். படுத்திருந்த வீரர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

"சார்" என்றான் மச்சினன். "எழுதாதீங்க சார். இந்த டேப்புக்கு முதல் மீட்டரே கிடையாது. நுனியப் பாருங்க, ஒண்ணுலதான் ஆரம்பிக்குது."

அதிகாரி நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"சரி. அப்ப இது பதினொண்ணு. ஆனா இந்த மனுஷன் எதுக்குப் புள்ளிய நகத்தணும்? முதல்ல இருந்தது தப்பா?"

மச்சினன் மாமாவைப் பார்த்தான். தலைமுடியிலிருந்து பெல்ட் வரை வெள்ளை, நெற்றியில் பச்சை, முழங்காலில் சிவப்பு. பார்க்கச் சகிக்கவில்லை.

"தப்புதான் சார். பன்னெண்டு மீட்டர்ல இருந்துச்சு. அவர் குச்சி வெச்சத நான் பாக்கவே இல்ல. பழக்கத்துல ஒண்ணு கூட்டி ஆணிய அடிச்சவன் நான்தான். இவர் வந்து கேட்டப்ப இல்லவே இல்லன்னு சாதிச்சேன். அவர் சொன்னதுதான் சார் நடந்தது."

முதல் உதை இன்னும் விழவில்லை என்பதால் அதிகாரி பேனாவைப் பையில் செருகிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்; அந்தப் புதுப் புள்ளியிலிருந்துதான் கோப்பை வந்தது.