ஏப்ரலில் எறிந்த துண்டு

குத்து, உதை, பிடி எல்லாம் சேர்ந்த கலப்புச் சண்டை நடத்தும் கராகஜே கம்பெனி அந்த வருடம் நான்கு நிகழ்ச்சிகள் நடத்தியது. நான்கிலும் கடைசிச் சண்டை ஒரே சண்டைதான், ஏனென்றால் ஏப்ரலில் எறிந்த துண்டு டிசம்பர் முப்பத்தொன்று வரை கீழே விழவில்லை. எறிந்தவர் செல்சோ நகாஹரா. பிரேசிலில் பிறந்து, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வேலைக்காகத் தாத்தாவின் நாட்டுக்கே திரும்பி வந்தவர். ஷிப்டு முடிந்த பிறகு எங்கள் ஊர் ஹமாமாட்சுவில் பயிற்சிக் கூடம் நடத்தி மல்யுத்தப் பிடிகள் சொல்லிக்கொடுப்பார். யாருக்காக எறிந்தார் என்றால் தன் கூடத்தில் பழகிய ஷூகோ மகினோவுக்காக. இரண்டாம் சுற்றில் மகினோ மல்லாந்து கிடந்தார். வடக்கே அகிதாவிலிருந்து வந்திருந்த தொகாஷி அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தார். இடது புருவம் பிளந்து கண் முழுக்க ரத்தம். என்ன நடந்தாலும் துண்டு எறியக் கூடாது என்று சண்டைக்கு முன்னால் மகினோ சத்தியம் வாங்கியிருந்தார், செல்சோவும் கொடுத்திருந்தார். ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வருமா? தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி எறிந்தார். அது கயிறுகளைத் தாண்டிப் போய், ரிங்கின் நடுவில், இரண்டு ஆள் உயரத்தில், விரிந்தது விரிந்தபடி நின்றுவிட்டது.

நடுவர் நுமாதா அண்ணாந்து பார்த்தார். மூலையில் நிற்கும் ஆள் எறிந்த துண்டு ரிங்கின் விரிப்பைத் தொட்டால் அவர் பக்கம் தோற்றது, சண்டை முடிந்தது என்பது விதி. தொடவில்லையே! எங்கள் ஊரில் சண்டை பார்க்க வருகிறவர்கள் பரீட்சை எழுதுகிற மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அன்றும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தொகாஷி ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஓங்கியபடியே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அதிகாரிகள் ஒரு அறைக்குள் போய் ஒருவரை ஒருவர் குனிந்து வணங்கி, "கஷ்டம்தான்" என்றார்கள். மறுபடியும் வணங்கி, "ஆமாம், கஷ்டம்தான்" என்றார்கள். எவனாவது ஒருத்தன், "எறிஞ்சாச்சு, தோத்தாச்சு, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை. கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசுவதைவிட எங்கள் ஆட்கள் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சம்மதிப்பார்கள். கடைசியில், சண்டை முடியவில்லை, அடுத்த நிகழ்ச்சியில் தொடரும் என்று அறிவித்துவிட்டு எல்லோரும் ரயிலைப் பிடிக்கப் போனார்கள்.

துண்டை இறக்க முயலாமல் இல்லை. ஏணி வைத்து ஏறினார்கள், கழியால் தட்டினார்கள். மே மாதத் திருவிழாவில் வீடளவு பட்டங்களை ஏற்றி இறக்கும் ஆட்கள் வந்து கயிறு போட்டு இழுத்தார்கள். காற்றோடு மல்லுக்கட்டியே பழகிய கைகள் அவை. கயிறு அறுந்ததே தவிர துண்டு அசையவில்லை. கராகஜே என்பது குளிர்காலத்தில் எங்கள் ஜன்னல்களை ஆட்டி எடுக்கும் வறண்ட காற்றின் பெயர். அந்தப் பெயரைக் கம்பெனிக்கு வைத்ததால் வந்த வினை என்று சிலர் சொன்னார்கள். மற்றபடி பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அதே மண்டபத்தில் ஜூனில் பியானோ போட்டி நடந்தது, ஜூலையில் பூக்கண்காட்சி நடந்தது. மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவர்களிடம் மேலே ஒரு துண்டு இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் கியோசா கொழுக்கட்டைக் கடை நடத்தும் அம்மாள் மட்டும் செல்சோவைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவாள்: "ஏம்ப்பா, வானத்துல துண்டு போட்டு எடம் பிடிச்சு வெச்சிருக்கியாமே? எனக்கும் ஒரு சீட்டு சொல்லி வை." செல்சோ சிரிக்க மாட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்.

மகினோவின் உடம்பு அந்த இரண்டாம் சுற்றிலேயே நின்றுபோயிருந்தது. புருவத்தில் தையல் போட்டார்கள். காலையில் தையல் இருக்கும், காயமும் புதிதாக இருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் சண்டை வியர்வை ஊறிக்கொண்டே இருக்கும். மனைவி சிஹாரு தினமும் தலையணை உறையை மாற்றினாள். கண் மருத்துவர் படத்தைக் காட்டி, உள்ளே திரை பிய்ந்துகொண்டு வருகிறது, இனி இடது பக்கம் அடி வாங்கினால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். சிஹாரு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்:

"நிறுத்திடுங்களேன். போதும்ங்க."

"எதை நிறுத்தறது? நான் இன்னும் தோக்கலையே."

"செல்சோ அண்ணன் துண்டு எறிஞ்சது ஊருக்கே தெரியும்."

"எறிஞ்சாரு. விழுந்துச்சா? விழாத துண்டுக்கு நான் எப்படித் தோத்தவன் ஆவேன்? பாதிச் சண்டையில எழுந்து போனவன்னு என்னைச் சொல்லணுமா உனக்கு?"

அந்த மே மாதம் ஊர் வழக்கப்படி அவர்கள் மூத்த பையனுக்குக் கடற்கரையில் முதல் பட்டம் ஏற்ற வேண்டிய மாதம். பையன் பெயரைப் பெரிதாக எழுதித் தெருக்காரர்கள் பட்டம் தயாராக வைத்திருந்தார்கள். சண்டை நடுவில் இருப்பவன் கடற்கரைக்கு எப்படி வருவான் என்று சொல்லி மகினோ போகவில்லை. பட்டம் சுருட்டியபடியே தெருச் சங்கத்தின் அறையில் கிடந்தது. சிஹாரு அன்றைக்கு அழுத அழுகையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். நாகரிகம் கருதி டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் நிகழ்ச்சிக்கு டிக்கெட் முழுக்க விற்றுப்போயிற்று. கம்பெனி முதலாளி ஓகிதா முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு சந்தோஷப்படுவதற்காக வெட்கப்பட்டார், ஆனாலும் சுவரொட்டியில் துண்டின் படத்தைத்தான் பெரிதாகப் போட்டார். மகினோவும் தொகாஷியும் விட்ட இடத்திலிருந்து, அதாவது ஒருவர் கீழே ஒருவர் மேலே என்று படுத்து உட்கார்ந்து, ஆரம்பித்தார்கள். துண்டு அவர்களுக்கு நேர் மேலே இருந்தது. மகினோ அதை ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் அதற்காகக் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும் அல்லவா? செல்சோ அதே மூலையில் நின்றார். சண்டை ஒன்றென்றால் மூலையாளும் ஒருவர், துண்டும் ஒன்று. அந்த ஒன்றை ஏற்கெனவே எறிந்துவிட்டதால் அவர் கை வெறுங்கை. மகினோ அவரிடம் பேசுவதை ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தார். மணி அடித்தது, சண்டை முடியவில்லை.

அடிப்பதற்காக வருகிறவன் வெறுங்கையோடு வரலாமா? தொகாஷி ஒவ்வொரு முறையும் சண்டைக்கு முந்தின நாள் மகினோ வீட்டுக்கு ஊர்ப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். ஆகஸ்டில் புகையில் காட்டிய முள்ளங்கி ஊறுகாய், அக்டோபரில் சொந்தத் தோட்டத்து ஆப்பிள் ஒரு பெட்டி. மகினோ கூடத்துக்குப் போயிருந்த நேரம். சிஹாரு பெட்டியை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆப்பிள் நல்ல வாசமா இருக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த இடது பக்கம் மட்டும் வேண்டாம்."

தொகாஷி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "அக்கா, நான் விட்டுக்கொடுத்து அடிச்சா அது அவருக்குத் தெரிஞ்சுரும். கண்ணு போனாக்கூட மன்னிப்பாரு, இதை மன்னிக்க மாட்டாரு. எனக்கும் தூக்கம் போச்சு. ஏற்கெனவே தோக்கடிச்ச ஆளைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்றாங்க, இது என்ன பொழப்பு?"

சிஹாரு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே தின்றார்கள். மறுநாள் அவர் இடது பக்கமும் அடித்தார்.

டிசம்பரில் சிஹாரு செல்சோவைத் தேடித் தொழிற்சாலை வாசலுக்கே போனாள். துண்டை எப்படி எறிந்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். செல்சோ கையுறையைக் கழற்றினார். "எறியணும்னுதான் எறிஞ்சேம்மா. கையை விட்டுப் போறப்ப, ஐயோ, இவன் இனி என் மொகத்துல முழிக்க மாட்டானேன்னு நெனச்சேன். திரும்பப் பிடிக்கலாம்னு கையக்கூட நீட்டிட்டேன்" என்றார். அப்படியானால் அது பாதி மனதோடு எறிந்த துண்டு, பாதியில் நிற்கிறது, இதில் என்ன அதிசயம் என்று அவளுக்குத் தோன்றியது. மீதிப் பாதி மகினோவிடம்தான் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் பிடிக்கத் தோன்றாமல் வீட்டுக்கு நடந்தே போனாள்.

வருடக் கடைசி நாள் நிகழ்ச்சியை மதியமே ஆரம்பித்துவிட்டார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போய் வருடம் கழிக்கிற சோபா நூடுல்ஸ் சாப்பிட வேண்டும். வெளியே கராகஜே ஊளையிட்டது. மகினோ படுத்தார், தொகாஷி ஏறி உட்கார்ந்தார், மணி அடித்தது. நாலைந்து குத்துக்குப் பிறகு தொகாஷி வலது கையை ஓங்கி, அப்படியே நிறுத்திவிட்டார்.

"அடிடா! ஏன் நிக்கிற?" என்றார் மகினோ.

"அண்ணே, என் கை எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

கை மகினோவின் இடது கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மகினோவுக்கு அது தெரியவில்லை. மண்டபம் மூச்சுவிடாமல் இருந்ததால் அவர் பதில் சொல்லாததை எல்லோரும் கேட்டார்கள். நுமாதா மெதுவாக முழங்காலிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் மகினோ, அந்த வருடத்தில் முதல் தடவையாக, நேராக மேலே பார்த்தார்.

"செல்சோ அண்ணே," என்றார். எட்டு மாதம் கழித்து வந்த பேச்சு. "அது எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"கைக்கு எட்டுற தூரம்தான்டா" என்று செல்சோ பொய் சொன்னார்.

மகினோ கையை நீட்டினார். துழாவினார். எட்டவில்லை. இன்னொரு தடவை துழாவிவிட்டு, "எட்டலைண்ணே. நீங்க எறிஞ்சது சரிதான். வரட்டும், போதும்" என்றார்.

துண்டு விழுந்தது. கொஞ்சம்கூட நிதானம் காட்டாமல், மற்றத் துண்டுகள் விழுகிற வேகத்தில் விழுந்து அவர் முகத்தை மூடியது. செல்சோவின் தோள் சூடு அதில் இன்னும் ஆறவில்லை. நுமாதா கையை வீசினார். மகினோ ஏப்ரல் மாதம் இரண்டாம் சுற்றில் தோற்றார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் எழுந்து நான்கு பக்கமும் குனிந்து வணங்கினார். தொகாஷிதான் சத்தம் போட்டு அழுதார். மறுநாள் புது வருடக் காலையில் புருவத்துக் காயம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இடது கண்ணின் பார்வை திரும்பவில்லை.

கராகஜே கம்பெனி இப்போதும் நிகழ்ச்சி நடத்துகிறது. மூலையாட்கள் துண்டைத் தண்ணீரில் நனைத்துத்தான் தோளில் போட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அடுத்த மே மாதம் பையனின் பட்டம் ஒரு வருடம் தாமதமாகக் கடற்கரையில் ஏறியது; இறக்குகிறபோது தகராறு செய்யாமல் இறங்கியது. அந்தத் துண்டை செல்சோ கேட்கவில்லை, சிஹாருவே வைத்துக்கொண்டாள். துவைத்துப் பின்கட்டில் காயப்போடுவாள். எங்கள் ஊர்க் காற்றுக்கு எல்லோரும் துணிக்கு இரண்டு இரண்டு கிளிப் மாட்டுவார்கள். இதற்கு அவள் மாட்டுவதில்லை, கொடிக்கம்பிக்குச் சற்று மேலே அது தானாக நிற்கும். மகினோ வேலையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டுக் கையை நீட்டுவார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, கை எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் போகும். துண்டு ஒரு சாண் நகர்ந்து கைக்குள் வரும்.