கட்டத்துக்குள் வராத அலை

தென்கொரியாவின் பூசானில் கடலலைகளை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் கியோங்ஹி ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதினாள். அதில் அலைகளின் வரைபடம் தனி ஜன்னலாகத் துள்ளி வெளியே வராது. திரையில் பொத்தான்களுக்கு நடுவிலுள்ள கட்டத்துக்குள் அடக்கமாக உட்காரும். கூட வேலை பார்த்த தூசிக் அதில் தன் பெயரைப் போட்டு இயக்குநரிடம் காட்டிவிட்டான்.

அவள் அவனிடமே போய்க் கேட்டாள்.

"பேருல என்னக்கா இருக்கு? எல்லாம் நம்ம ஆபீசுக்குத்தானே!" என்று சிரித்தான்.

அவளும் சிரித்து வைத்தாள். அமைச்சகத்து ஆட்கள் பார்க்க வந்த நாளன்று காலையில், வரைபடம் எந்தத் திரைக்குப் போகவேண்டும் என்று சொல்லும் புரோகிராம் வரியை மட்டும் மாற்றினாள்.

தூசிக் எல்லார் முன்னாலும் பொத்தானை அழுத்தினான். கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மறுபடி அழுத்தினான். கடைசி வரிசையில், கியோங்ஹியின் மடிக்கணினியில் அலைகள் எழுந்து எழுந்து விழுந்தன.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்," என்றான்.

"நீ எழுதினதுதானேடா? நீயே பாரு."

இயக்குநர் திரும்பி அவள் திரையைக் கவனித்துவிட்டார். "இது எப்படிம்மா உன்கிட்ட வருது?"

"எழுதினவகிட்ட வருது சார்."

விருந்தினர் முன் ஆபீசின் மானத்தை வாங்கியதற்காக அவளுக்குக் கண்டிப்பு ஓலை வந்தது. தூசிக்கை உல்சானுக்கு மாற்றினார்கள். கிளம்பும் முன் அவன் உணவுக்கூடத்தில் அவளெதிரே வந்து குனிந்து விடைபெற்றான். அவள் மீன்குழம்பிலிருந்து நிமிரவேயில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குச் சோறு ருசித்தது.